சித்தப்பாவுக்கு ஊசி

பிப்ரவரி 3

எலிக்கு,

சித்தப்பா எப்படி இருக்கிறார்? இதற்கு மட்டும் பதில் போட்டால் போதும். மற்றதை எழுத உனக்கு மனம் வராது என்று தெரியும். எனக்கும் கை வரவில்லை.

இங்கே வந்து ஏழு வாரம் ஆகிறது. அணை கட்டுகிற இடத்தில் இடது கரையில் என் கிரேன் நிற்கிறது. காலையில் ஏறினால் சாப்பாட்டுக்குத்தான் இறங்குகிறேன். மேலே கூண்டுக்குள் உட்கார்ந்துவிட்டால் கீழே இருப்பவர்கள் கை காட்டுவது தெரியும், பேசுவது கேட்காது. எனக்கு அது ஒத்துப்போகிறது. செல்போனுக்கு இந்த மலைக்குள் சிக்னல் கிடையாது. ஆபீசில் ஒரு போன் இருக்கிறது. உயிர் போகிற விஷயமாக இருந்தால்தான் அதைத் தொட விடுவார்கள். வாரத்துக்கு ஒரு தடவை சாமான் லாரி வரும். தபால் வருவதும் போவதும் அதில்தான்.

என்னோடு அறையில் ஒரு வெல்டர் இருக்கிறார். பொழுது போகாமல் சித்தப்பாவைப் பற்றி அவரிடம் பேசிக்கொண்டே இருப்பேன். நேற்று அவர் தயங்கித் தயங்கி, "தப்பா எடுத்துக்காதீங்க, உங்க சித்தப்பா எதுக்கு மத்தவங்க செருப்பை எடுத்துட்டுப் போய்க் கட்டிலுக்கு அடியில வைக்கிறாரு?" என்று கேட்டார். மனுஷன் இத்தனை நாளாக நம் அப்பாவின் தம்பியைப் பற்றித்தான் சொல்கிறேன் என்று நினைத்திருக்கிறார். நாய் என்று சொன்னதும் கட்டிலில் புரண்டு புரண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. உன்னைத் தவிர எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

அண்ணன்

*

பிப்ரவரி 12

அண்ணாவுக்கு,

சித்தப்பா நன்றாக இருக்கிறார்.

நீ கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான். ஆனால் தாள் மிச்சம் இருக்கிறது. சலவை நிலையத்தில் பாய்லர் பழுதாகி மதியமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

காலையில் நான் ஒரு வாய் சாப்பிட்ட பிறகுதான் அவர் தன் தட்டில் வாய் வைக்கிறார். நான் சாப்பிடாவிட்டால் எதிரில் உட்கார்ந்து என் வாயையே பார்க்கிறார். எனக்கு இப்போதெல்லாம் பசிப்பதே இல்லை. அவருக்காக ஒரு துண்டு ரொட்டியை மெல்கிறேன். சில நாள் மென்றுவிட்டுப் போய்த் துப்பிவிடுகிறேன். அது அவருக்குத் தெரியாது. உட்காருவதற்கு முன்னால் இரண்டு தரம் தொண்டையைச் செருமுவது அப்படியேதான் இருக்கிறது. பேப்பர் போடுகிறவரைப் பார்த்துக் குரைப்பதில்லை, பெரிய மனுஷன் மாதிரி தலையை மட்டும் ஆட்டுகிறார். எதிர்க் கடைக் கண்ணாடிக்காரர் மட்டும் பரம விரோதி. அவர் என்ன பாவம் செய்தாரோ. செருப்பில் இடது காலுடையது மட்டும்தான் சித்தப்பாவுக்கு வேண்டும். நேற்று நான் ஒரு காலில் நீலமும் ஒரு காலில் கறுப்பும் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். எனக்கே அங்கே போய்த்தான் தெரிந்தது.

அம்மா போனதை அவர் கண்டுகொள்ளவே இல்லை. சாப்பிடாமல் வாசலைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பார் என்று நினைத்தேன். மறுநாள் காலையிலேயே அம்மாவின் கட்டிலில் ஏறி, தலையணையை மூக்கால் தள்ளிவிட்டு, கால் நீட்டிப் படுத்துக்கொண்டார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒன்றுமே வருவதில்லை. துணி மடிக்கிறேன், வருகிறேன், படுக்கிறேன், எழுந்திருக்கிறேன்.

உன்னைத் தவிர யார் என்று கேட்டிருக்கிறாய். ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தனை பேர் முன்னால் என்னைக் கேட்டாயே, அப்போது நான் உனக்கு யார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

தங்கை

*

பிப்ரவரி 24

எலி,

இடது செருப்பு விஷயத்தை வெல்டரிடம் படித்துக் காட்டினேன். "வலதுல என்ன குறை கண்டாராம்?" என்று தினமும் கேட்கிறார்.

நிஜச் சித்தப்பா நம் வீட்டுக்கு வந்தது ஞாபகம் இருக்கிறதா? அம்மா அடுப்படியிலிருந்து, "சித்தப்பா, எழுந்து அந்தப் பக்கம் போங்க! எப்பப் பார்த்தாலும் வழியிலயே உட்கார்ந்துக்கிட்டு!" என்று கத்தியதும், நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனுஷன் எழுந்து நின்றாரே. கூடவே நாயும் எழுந்து நின்றது. இரண்டு பேரும் ஒரே மாதிரி செருமினார்கள். நீ வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப் பக்கம் ஓடினாய். அதற்கப்புறம் அவர் நம் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அம்மா மட்டும் கடைசிவரை நாய்க்கு மரியாதையைக் குறைக்கவில்லை. "சாப்பிட வாங்க" என்றுதான் கூப்பிடுவாள்.

வராந்தா பற்றி மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். என்னைக் கேட்காமல் எப்படிக் கையெழுத்துப் போட்டாய் என்றுதான் கேட்டேன். பெற்ற மகன் அதைக் கேட்கக் கூடாதா? இதற்கு மேல் எழுதினால் சண்டையில் போய் முடியும். விடு.

ஏப்ரலில் சித்தப்பாவுக்கு வருஷா வருஷம் போடுகிற வெறிநாய்த் தடுப்பூசி வரும். இதுவரை நான்தான் கூட்டிப் போனேன், இந்தத் தடவை உன் தலையில் விழுகிறது. இப்போதே மனசைத் தயார் பண்ணிக்கொள்.

அண்ணன்

*

மார்ச் 9

அண்ணாவுக்கு,

மகன் கேட்கலாம். கேட்டவன் பதிலையும் நின்று கேட்டிருக்கலாம். நீ கேட்டுவிட்டு நேரே படி இறங்கிப் போய்விட்டாய்.

பதிலை இப்போது எழுதுகிறேன். அம்மா மெஷினில் பதினோரு நாள் இருந்தாள். எட்டாம் நாளிலிருந்தே ஆஸ்பத்திரியிலிருந்து உன் பழைய கேம்புக்குத் தகவல் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பதினோராம் நாள் டாக்டர் தாளைக் கொண்டுவந்து நின்றார். "இனிமே மெஷின்தாம்மா மூச்சு விடுது, அவங்க இல்ல. எடுத்துடலாமான்னு நீங்கதான் சொல்லணும்" என்றார். "நீங்களே சொல்லிடுங்களேன் டாக்டர்" என்றேன். "நான் சொல்லக் கூடாதும்மா. குடும்பத்துல ஒருத்தர் சொல்லணும்" என்றார். குடும்பத்தில் ஒருத்தர் என்று அங்கே நான் ஒருத்திதான் இருந்தேன். என் பேனா எழுதவில்லை. டாக்டர் தன் பேனாவைக் கொடுத்தார். மறுநாள் மதியம் நீ பையோடு வந்தாய். முகம்கூடக் கழுவவில்லை. அம்மா எங்கே என்று கேட்கவில்லை. எப்படிக் கையெழுத்துப் போட்டே என்றுதான் கேட்டாய்.

எழுதிவிட்டேன். எழுதினால் பாரம் குறையும் என்று சலவையில் என்னோடு விரிப்பு மடிக்கிறவள் சொன்னாள். குறைந்த மாதிரி தெரியவில்லை. ஏறவும் இல்லை.

சித்தப்பா தண்ணீர் நிறையக் குடிக்கிறார். வாளி வாளியாக. அம்மா கட்டிலிலேயே இரண்டு தடவை நனைத்துவிட்டு, நனைத்தது வேறு யாரோ மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் மென்று காட்டினாலும் இப்போது பாதிதான் சாப்பிடுகிறார்.

தங்கை

*

ஏப்ரல் 3

எலி,

உன் கடிதத்தைக் கூண்டிலேயே பிரித்துப் படித்துவிட்டேன். கீழே கை காட்டினதைக் கவனிக்கவில்லை. மேஸ்திரியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். டாக்டர் பேனா கொடுத்ததெல்லாம் எனக்குத் தெரியாது. அதைப் பற்றித் தாளில் எழுத எனக்கு வராது. நேரில் பார்த்துக்கொள்ளலாம்.

சித்தப்பா தண்ணீர் குடிப்பது வெயிலுக்குத்தான். நீ எதற்கெடுத்தாலும் பயப்படாதே.

ஊசி போட்டுவிடு. தள்ளிப்போடாதே. உனக்கு மனசு வராது என்று எனக்குத் தெரியும். நம் டாக்டரிடமே கூட்டிப் போ, அவருக்கு நல்ல கைராசி. மேஜையில் ஏற்றியதும் சித்தப்பா உன் முகத்தையே பார்ப்பார், நீ பார்க்காதே. பக்கத்தில் மருந்து வைத்திருக்கிற கண்ணாடி அலமாரி இருக்கும், அந்தப் பக்கம் திரும்பிக்கொள். ஒரு நிமிஷ வேலை. பச்சை அட்டை அம்மா பீரோவில் கீழ் டிராயரில் இருக்கிறது. முடிந்ததும் எனக்கு எழுது.

லாரி கிளம்புகிறது, அதனால் இத்தோடு நிறுத்துகிறேன்.

அண்ணன்

*

ஏப்ரல் 4

அண்ணா,

சித்தப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது.

மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. பின்னங்கால் இரண்டும் வழுக்கி வழுக்கி விழுகிறார். விழுந்துவிட்டு, வேண்டுமென்றே உட்கார்ந்த மாதிரி செருமிக்கொள்கிறார். நேற்று கண்ணாடிக்காரரே கடையை விட்டு வந்து ஆட்டோவில் தூக்கி வைத்தார். பரம விரோதி தூக்கியதற்குச் சித்தப்பா உறுமக்கூட இல்லை. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். "பதினொரு வயசு ஆச்சு. இனிமே திரும்பாதும்மா. வலியோட ரெண்டு மூணு வாரம் இழுத்துக்கிட்டுக் கிடக்கும். இல்லைன்னா ஒரு ஊசி போட்டு முடிச்சுடலாம். வீட்டுல யோசிச்சுட்டுச் சொல்லுங்க" என்றார். இவரும் என்னைத்தான் கேட்கிறார். வீட்டில் யார் இருக்கிறார்கள் யோசிக்க?

உன் ஆபீசுக்குப் போன் பண்ணினேன். "என்ன விஷயம்?" என்றார் ஒருவர். சித்தப்பாவுக்கு ரொம்ப முடியவில்லை என்றேன். அவர் குரல் உடனே இறங்கிவிட்டது. "சொந்தச் சித்தப்பாவாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் உன்னைக் கீழே இறக்கிக் கூட்டி வந்திருப்பார். பொய் சொல்ல வாய் வரவில்லை. நாய் என்றேன். வைத்துவிட்டார்.

அதனால் எழுதிக் கேட்கிறேன். இந்தத் தடவை நான் சொல்ல மாட்டேன். நீ சொல். போடு என்றால் போடுகிறேன், வேண்டாம் என்றால் வலிக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். எது சொன்னாலும் ஏன் என்று கேட்க மாட்டேன். ஒரு வரி போதும். உன் கையெழுத்தில் வர வேண்டும். இன்னொரு தடவை யாரும் என்னை வராந்தாவில் நிறுத்திக் கேட்கக் கூடாது.

தங்கை

*

ஏப்ரல் 12

அண்ணாவுக்கு,

உன் கடிதம் ஒன்பதாம் தேதி வந்தது. நீ எழுதியபடியே பத்தாம் தேதி காலையில் ஊசி போட்டாச்சு.

வேலைக்கு லீவு சொல்லவில்லை. சலவையில் மடிக்கிறவளும் என்னோடு வந்தாள். ஒரு பெரிய விரிப்பில் அவரைக் கிடத்தி, ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்துத் தூக்கினோம். தினமும் இருநூறு விரிப்பு பிடிக்கிற கைகள், ஆடாமல் கொண்டுபோய்ச் சேர்த்தோம். மேஜையில் வைத்ததும் அவர் இரண்டு தரம் செருமினார். நீ சொன்ன மாதிரியே என் முகத்தைப் பார்த்தார். நீ சொன்ன மாதிரியே நான் கண்ணாடி அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீ அங்கே நின்று திரும்பிப் பார்த்ததே இல்லை என்று நினைக்கிறேன். கண்ணாடியில் எல்லாம் தெரிகிறது.

ஒரு நிமிஷம் என்று எழுதியிருந்தாய். அதைவிடக் கொஞ்சம் கூட ஆனது.

கொல்லையில் துணி காயப்போடுகிற கம்பத்துக்குப் பக்கத்தில் புதைத்தோம். கண்ணாடிக்காரர்தான் குழி வெட்டினார். பிறகு கை கழுவிக்கொண்டு இரண்டு மணிக்கு வேலைக்குப் போய்விட்டேன். அழுகை வரவில்லை. மடிக்கிறவள் அழுதாள். அவளுக்கு நான் தண்ணீர் கொடுத்தேன்.

இப்போது காலையில் எனக்காக யாரும் காத்திருப்பதில்லை. அதனால் ரொட்டி வாங்குவதை நிறுத்திவிட்டேன்.

நீ சொன்னாய், நான் செய்தேன். இந்தத் தடவை உனக்குக் கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

தங்கை

*

ஏப்ரல் 21

எலி,

உன் கடிதம் கிடைத்தது. இந்தக் கடிதத்தை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். இன்று கிரேனில் ஏறவில்லை.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உன் நாலாம் தேதி கடிதம் எனக்குச் சீக்கிரமே கிடைத்துவிட்டது. சிமெண்ட் லாரி ஒன்று நடுவில் வந்தது, அந்த டிரைவர் தபாலையும் வாங்கி வந்தார். அதைப் படித்துவிட்டுத்தான் ஊசி போட்டுவிடு என்று எழுதினேன். நீ கேட்டதற்குப் பதிலாகத்தான் எழுதினேன். என் கடிதத்தில் தேதி ஏதாவது முன்னே பின்னே இருந்தால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. இங்கே யாருக்கும் நாள் கிழமை தெரிவதில்லை. வெல்டரைக் கேட்டுத்தான் தேதி போடுகிறேன், அவர் ஒரு மறதிக்காரர். வெயில், பயப்படாதே என்றெல்லாம் எழுதியிருந்தேனே, அது உன்னைத் தேற்றுவதற்காக எழுதியது. எனக்கு விஷயம் தெரியும்.

நன்றாக யோசித்துத்தான் சொன்னேன். முடிவு என்னுடையது. உன்னுடையது இல்லை. யார் கேட்டாலும், அண்ணன் சொன்னான், செய்தேன் என்று சொல். நீ உன்னையே கேட்டுக்கொண்டாலும் அதையே சொல்.

வெல்டரிடம் சொன்னேன். எழுந்து வெளியே போய்விட்டார். அப்புறம் என்னவென்றால், சித்தப்பா தவறிவிட்டார் என்று கேம்ப் முழுக்கச் சொல்லிவிட்டார். உன் போனை எடுத்தவர் அன்று ஆபீசில் இல்லை. மற்றவர்கள் கூப்பிட்டு, "வயசு என்ன இருக்கும்?" என்று கேட்டார்கள். பதினொன்று என்று சொல்ல வாய் வரை வந்தது. எழுபத்தேழு என்றேன், நாய்க்கணக்கில் அது சரிதான். மே மாதம் ஐந்து நாள் லீவு கொடுத்திருக்கிறார்கள்.

வரட்டுமா?

அண்ணன்

*

ஏப்ரல் 30

அண்ணா,

ஊசி போட்டுவிடு என்று நீ எழுதிய கடிதம் வந்த அன்றே கவரின் மேல் இருந்த ஆபீஸ் முத்திரையைப் பார்த்தேன். மூன்றாம் தேதி. என் கடிதத்தை நான் நாலாம் தேதி மாலைதான் பெட்டியில் போட்டேன். அதற்கு மறுநாளிலிருந்து உங்கள் பக்கம் மழையில் ரோடு சரிந்து பன்னிரண்டு நாள் எந்த வண்டியும் போகவில்லை என்று பேப்பரிலேயே போட்டிருந்தது. சிமெண்ட் லாரிக்கு மட்டும் இறக்கை முளைத்திருக்காது. போகட்டும், பச்சை அட்டை எந்த டிராயரில் இருக்கிறது என்று எழுதியிருந்தாயே. சாகப்போகிறவருக்குத் தடுப்பூசி அட்டை எதற்கு அண்ணா?

நீ சொன்னது எந்த ஊசி என்று படித்த நிமிஷமே எனக்குத் தெரியும். தெரிந்துதான் போனேன்.

அதற்கு முந்தின நாளிலிருந்து அவரால் தலையைத் தூக்க முடியவில்லை. உன் நிஜப் பதில் வரும்வரை காத்திருந்தால் அந்த வலியை அவர்தான் பட்டிருப்பார், நான் இல்லை. ஆனாலும் போடுங்கள் என்று என் வாயால் சொல்ல முடியவில்லை. கையில் உன் எழுத்தில் ஒரு வரி இருந்தது. டாக்டரிடம், "அண்ணன் எழுதிட்டாரு, போட்டுடச் சொல்லிட்டாரு" என்றேன். அந்த வரியில் விரலை வைத்துக் காட்டினேன். மேலே இருந்ததையும் கீழே இருந்ததையும் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டேன். அவர் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். அதனால் முடிவு என்னுடையதுதான். இரண்டு தடவையும் என்னுடையதுதான். உன்னை ஏமாற்றி உன் பேரில் எழுதிவிட்டேன். இதைச் சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

இப்போது வந்த உன் கடிதத்தை வேலை இடத்தில் வைத்துத்தான் படித்தேன். பையில் போட்டுவிட்டு விரிப்பைப் பிடித்தேன். மூன்றாவது விரிப்பு மடிக்கும்போது அழுகை வந்துவிட்டது. சத்தம் போட்டு அழுதேன். மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டிருக்கும் போல, எல்லோரும் ஓடி வந்துவிட்டார்கள். மடிக்கிறவள் தன் முனையை விடாமல் பிடித்தபடியே நின்றாள். எதற்கு அழுகிறேன் என்று கேட்டார்கள். எங்கள் அண்ணன் பொய் சொல்கிறான் என்றேன். யாருக்கும் புரியவில்லை.

லீவில் வா. உன் அறையைக் கூட்டி வைக்கிறேன்.

ஒன்று மட்டும் நேரில் சொல்ல முடியாது, அதனால் இதிலேயே எழுதிவிடுகிறேன். இவ்வளவு அழகாகப் பொய் சொல்ல உனக்கு வரும் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு வராந்தாவில் அத்தனை பேர் முன்னால், "நான்தான் அவளைக் கையெழுத்துப் போடச் சொன்னேன்" என்று நீ ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நான் அதையும் நம்பியிருக்க மாட்டேன். ஆனால் அன்றைக்கே அழுதிருப்பேன் அண்ணா.

எலி